எலும்பு கரைவதை இரத்தம் சொல்லுமா?

மல்டிபிள் மைலோமா நோயாளியின் எக்ஸ்ரேயில் முதுகெலும்பும் மண்டையோடும் துளைதுளையாகத் தெரியலாம். ஆனால், பல எலும்பு நோய்களில் எகிறும் ஆல்கலைன் பாஸ்பேட்டஸ் என்ற நொதியின் அளவு, அதே நோயாளிக்குப் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். லேபில் ஏதோ தவறு என்று தோன்றும். தவறில்லை, இந்த நோயின் சுபாவமே அதுதான்.

நம் எலும்பு அன்றாடம் இடிக்கப்பட்டு, அன்றாடம் கட்டப்படுகிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். மைலோமா, எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய். அது இடிப்பவற்றைத் தூண்டிவிடுவதோடு, டிகேகே-1 போன்ற புரதங்களைச் சுரந்து கட்டுபவற்றை முடக்கியும் போடுகிறது. டிகேகே-1இன் பங்கை 2003இல் அமெரிக்காவின் ஆர்கன்சா ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். எலும்பிலிருந்து வரும் ஆல்கலைன் பாஸ்பேட்டஸ், கட்டும் செல்களின் சரக்கு. கொத்தனாரே வேலைக்கு வராதபோது அது எப்படி உயரும்? சாதாரண எலும்பு ஸ்கேனில் இந்தத் துளைகள் பல நேரம் சிக்காமல் போவதும் இதனால்தான்.

சரி, இடிப்பை எப்படி அளப்பது? எலும்பின் சட்டகம் கொலாஜன். அது அறுபடும்போது சிதறும் துண்டுகளில் ஒன்றான சிடிஎக்ஸ் இரத்தத்தில் கலக்கிறது. அளவு கூடினால் இடிப்பு வேகமாக நடக்கிறது என்று பொருள். ஆனால் இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் சோதனை. விடியற்காலையில் ஏறி, சாப்பிட்டதும் இறங்கிவிடும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானாலும் சிடிஎக்ஸ் வெளியேறாமல் தேங்கி, எண்ணைப் பெருக்கிக் காட்டும். மைலோமாவில் சிறுநீரகம் கெடுவது சகஜம் என்பதால் இதை மறக்கக் கூடாது. இடிக்கும் செல்களே சுரக்கும் டிராப்-5பி என்ற நொதிக்கு இந்தச் சிக்கல் இல்லை; ஆனால் எல்லா லேபிலும் அது கிடைக்காது.

இடிப்பைத் தடுக்கும் மருந்துகளான சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ போட்ட பிறகு சிடிஎக்ஸ் இறங்கினால், மருந்து எலும்பில் வேலை செய்கிறது எனலாம். மைலோமாவுக்கான போர்டெசோமிப் மருந்துச் சிகிச்சையில் ஆல்கலைன் பாஸ்பேட்டஸ் ஏறினால் உடனே பதற வேண்டாம். கொத்தனார் திரும்பி வந்திருக்கலாம். கல்லீரல் கோளாறிலும் அது ஏறும் என்பதால், எலும்புக்கே உரிய வகையைத் தனியாகப் பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைகள் வேகத்தைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. எந்த எலும்பில் ஓட்டை என்று அறிய முழு உடல் சிடி, பெட்-சிடி போன்ற ஸ்கேன்தான் வேண்டும். ஆகவே, மருத்துவர் சிடிஎக்ஸ் எழுதித் தரவில்லை என்று குறைப்பட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், நோயாளி கண் வைக்க வேண்டிய எண், மலிவான கால்சியம்தான். கரையும் எலும்பின் சுண்ணாம்பு இரத்தத்தில்தானே சேரும்! டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. அல்புமின் குறைந்திருந்தால் கால்சியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் ஆகியவை தென்பட்டால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.