10,080 காரணிகள் கொண்ட எண்

பேராக் மாநிலத்தில், கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் மாநிலமெங்கும் தோட்டங்கள் பரவி, மரங்கள் நிரை நிரையாக எழுந்தன. 60 கன்றுகளை மிச்சமில்லாமல் சம நிரைகளில் நட வேண்டுமென்றால், நிரைக்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று 12 வழிகள் உண்டு. கூட ஒரு கன்று சேர்ந்து 61 ஆகிவிட்டால், எல்லாவற்றையும் ஒரே நிரையில் நட வேண்டும். இல்லையேல் நிரைக்கு ஒன்றுதான். 61 ஒரு பகா எண்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் காரணிகள். 60க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணே மிகு பகு எண். 12, 24, 360 ஆகியவையும் இந்த இனமே. மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்றிருப்பதால் பாதி, கால், மூன்றிலொன்று எல்லாம் முழு எண்ணாகவே கிடைக்கின்றன.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915இல் இவ்வெண்களைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்ததும் இந்த ஆய்வே. அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. நம் அடையாள அட்டை எண்ணைவிட ஓர் இலக்கம் கூடுதல். காரணிகளோ 10,080!

இதை அறிய ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பகா எண்களாக உடைத்தால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ அடியோடு விட்டுவிடலாம், அல்லது ஆறு முறை வரை சேர்க்கலாம். ஆக 7 வழிகள். அவ்வாறே 3க்கு 5 வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்துக்கும் இவ்விரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என இறங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை இடம் மாற்றினால் காரணிகள் அதே 10,080தான். எண்ணோ இரண்டேகால் மடங்கு பெருத்துவிடும். அதனால்தான் சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார்.

அவருடைய அட்டவணையில் 293,318,625,600 என்ற எண் விடுபட்டிருந்தது. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது இதுதான். காரணிகள் சரிபாதி, 5,040. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கில், அத்தனை எண்களுக்கு நடுவே தப்பியது இந்த ஒன்றே.

இதற்கு அடிப்படையான காரணிப்படுத்தலைப் படிவம் ஒன்றிலேயே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். 720க்கு 30 காரணிகள். அதை முதலில் முந்துவது 840. எத்தனை காரணிகளால் முந்துகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.