ஆவாரை

திருவண்ணாமலையில், அண்ணாமலையார் கோயிலுக்கு மேற்கே ஓங்கி நிற்கும் மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள வலம்வரும் பாதை செல்கின்றது. அதனை அடுத்த கற்பாங்கான நிலங்களில், நீர் பாய்ச்சுவாரும் எருவிடுவாரும் இன்றித் தானே வளர்ந்து, பொன்னிறப் பூக்களோடு பொலியும் செடி ஆவாரை. சங்கப் புலவர் இதனை ஆவிரை என்றனர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்பெறும் மலர்களுள் இதுவும் ஒன்று.

ஆவாரை அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆயினும், இதன் பூ அவரைப் பூவைப்போல் வண்ணத்துப்பூச்சி வடிவினதன்று; ஐந்து இதழ்களும் அகல விரிந்திருக்கும். பூ மறைக்கும் உறவினைக் காய் காட்டிவிடும். தட்டையான அக்காயினுள், அவரைக்காயிற் காண்பதுபோலவே விதைகள் வரிசையாக அமைந்திருக்கும்.

இப்பூவில் தேன் இல்லை. மகரந்தமே வண்டுகளுக்கு உணவு. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிப்படும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்ச்சியால் மகரந்தம் உதிரும்.

ஆவாரம்பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது விலங்கின் தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து, தோல் அழுகாமல் காக்கும். ஆதலின் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளுக்கு இப்பட்டை இன்றியமையாததாயிற்று. பட்டை சேர்த்து விற்று எளியோர் பலர் பிழைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் பரவவே, ஆவாரம்பட்டையின் தேவை குறைந்தது.

சந்தையில் மதிப்புக் குறைந்தமையால் செடியின் பயன் குறைந்துவிடவில்லை. மரம் வெட்டியதாலும் தீயாலும் திருவண்ணாமலை மலைச்சரிவுகள் ஒருகாலத்தில் பெரிதும் வெறுமையுற்றன. பின்னர் ஆண்டுதோறும் நாட்டு மரக்கன்றுகள் நடப்பெற்று, மலை மீண்டும் பசுமையடையத் தொடங்கியது. மரம் வளரப் பல்லாண்டு ஆகும். அதுவரை மண்ணை மழைநீர் அரித்துச் செல்லாமல் காப்பன ஆவாரை போன்ற புதர்களே. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிணிக்கும். உதிரும் இலைகள் உரமாகும். களையென்று எண்ணி அவற்றை வெட்டி எரித்தால், மழைநீரோடு மேல்மண்ணும் போய்விடும். நட்ட கன்றுக்கு எஞ்சுவது பாறையே.

பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையோடும் சிறுபூளையோடும் ஆவாரம்பூவைச் சேர்த்து மனையிற் காப்புக் கட்டுவது தமிழர் வழக்கம். மனைக்குக் காப்பாகும் அச்செடி மலைக்கும் காப்பாக நிற்கின்றது. அதனைக் காத்தல் நம் கடமையாகும்.