தூத்துக்குடி–சென்னை விமானப் பயணம்: ஆக்சிஜன் தேவைப்படுவோர் கணக்கிட வேண்டிய நேரம்

நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளிலிருந்து எங்கள் நுரையீரல் பிரிவுக்கு வருவோர், வீடு திரும்பும் நாளில் தவறாமல் ஒன்று கேட்பதுண்டு: “விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானே, அழைத்துச் செல்லலாமா?”

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திற்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 530 கி.மீ.; சாலைவழி 600 கி.மீ.க்கு மேல். சுழல்விசிறி பொருத்திய சிறிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறப்பதால் ஒரு மணி நேரம் போதும் எனத் தோன்றும். ஓடுபாதைக்குச் செல்வது, மேலெழுவது, இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்தே பயணச்சீட்டில் ஒன்றரை மணி நேரம் என்று குறிப்பிடுகின்றனர்.

நோயாளியின் கணக்கோ வேறு. திருநெல்வேலி வீட்டிலிருந்து வாகைக்குளம் வர ஒரு மணி நேரம், நிலையத்தில் இரண்டு மணி நேரம், விமானத்தில் ஒன்றரை, இறங்கிப் பெட்டி எடுக்க அரை, சென்னை நெரிசலில் இன்னும் ஒன்று. ஆக ஆறு மணி நேரம். ஒரு பெரியவரின் மகன், பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணி, கையடக்க ஆக்சிஜன் கருவிக்கு ஒரே மின்கலத்துடன் வந்தார். விமானத்தில் தொல்லையில்லை, வாடகைக் காருக்குக் காத்திருந்தபோது கருவி நின்றுவிட்டது. பெரியவர் நேரே எங்கள் அவசரப் பிரிவுக்குத்தான் வந்து சேர்ந்தார். மின்கலம் தாங்கும் நேரமாக விளம்பரத்தில் காண்பது பெரும்பாலும் மிகக் குறைந்த அளவில் இயக்கும்போதுதான் பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்க.

விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. அதிகபட்சமாக 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகலாம். சிறிய விமானங்கள் தாழ்வாகப் பறப்பதால் அவற்றில் இக்குறைவு பொதுவாக அவ்வளவு இராது. உடல்நலம் உள்ளவருக்கும் இரத்த ஆக்சிஜன் அளவு சில புள்ளிகள் இறங்கும்; அவர் உணர்வதில்லை. தரையில் ஓய்வாக இருக்கும்போதே 92 அல்லது அதற்குக் கீழ் காட்டுபவருக்கு, இறங்குவதற்கு இடமே இல்லை. தரையில் ஆக்சிஜன் தேவைப்படாத சிலருக்கும் வானில் அது தேவைப்படுவது இதனால்தான்.

நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தவர்கள், அது முற்றிலும் நீங்கியதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்து குறைந்தது ஏழு நாள்கள் கழியும்வரை பறத்தல் ஆகாது. அழுத்தம் குறையும்போது சிக்கிய காற்று விரியும். பயணம் குறுகியதா நெடியதா என்பது அதற்குப் பொருட்டன்று.

வெளிப்படையாகச் சொன்னால், சிலருக்கு நாங்கள் முத்துநகர் விரைவு வண்டியையே பரிந்துரைக்கிறோம். ஓர் இரவு ஆகும். ஆனால் காற்றழுத்தம் மாறாது, படுத்துக்கொண்டே வரலாம். இரவில் பெட்டியின் மின்செருகிகளில் மின்சாரம் நிறுத்தப்படக்கூடும் என்பதால் அங்கும் உபரி மின்கலம் வேண்டும்.

விமானமே ஏற்றது என முடிவானால், சீட்டு எடுப்பதற்கு முன் எங்களைக் காணுங்கள். வீட்டு ஆக்சிஜன் உருளையை ஏற்றிச் செல்ல இயலாது. அனுமதிக்கப்பட்ட கருவிதானா என விமான நிறுவனத்திடம் கேட்டு, மருத்துவப் படிவத்தையும் சக்கர நாற்காலிக்கான வேண்டுகோளையும் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அளித்துவிடுங்கள். உபரி மின்கலங்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்காக அனுப்பும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.