குகைக்கல் வைத்திருக்கும் மழைக்கணக்கு

கொல்கத்தாவில் ஆங்கிலேய அரசு வானிலையைக் கவனிக்க ஆரம்பித்ததற்குக் கப்பல்கள் ஒரு முக்கியக் காரணம். 1864 அக்டோபர் 5-ம் தேதி அடித்த புயல் ஹூக்ளி ஆற்றில் நின்றிருந்த கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை அந்த நகரில்தான் பிறந்தது. 1877-ல் அதே நகரின் அலிப்பூரில் வானிலை ஆய்வுக்கூடம் வந்தது. 1892-ல் திறக்கப்பட்ட கிடர்பூர் துறைமுகத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.

அலிப்பூர் போன்ற இடங்களின் மழைப் பதிவேடுகள் நமக்குப் பெரிய சொத்து. ஆனாலும் அவை சுமார் 150 ஆண்டுக் கணக்குதான். பருவமழை தொடர்ந்து பத்து, இருபது ஆண்டுகள் மெலிந்தே கிடந்தால் என்ன ஆகும் என்று அவற்றைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு முந்தைய கணக்கு குகைகளுக்குள் இருக்கிறது.

சுண்ணாம்புப் பாறை வழியாகக் கசிந்துவரும் மழைநீர், குகைக் கூரையிலிருந்து சொட்டி, தரையில் கல்முளையாக வளர்கிறது. வளர்ச்சி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீரில் கரைந்து வரும் யுரேனியம் கல்லில் தங்கி, மெல்லச் சிதைந்து தோரியமாகிறது. தோரியமோ நீரில் அநேகமாகக் கரையாது. ஆகவே கல்லில் எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த அடுக்கின் வயது தெரிந்துவிடும். மழையைப் பற்றிய தகவல் ஆக்சிஜனில் இருக்கிறது. பருவமழை வலுத்த காலத்து அடுக்குகளில் எடை கூடிய ஐசோடோப்பான ஆக்சிஜன்-18 பொதுவாகக் குறைந்திருக்கும்.

கல்லை அறுப்பவர், வயது கணிப்பவர், ஐசோடோப்பு அளப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருப்பது அரிது. சத்தீஸ்கரின் தண்டக் குகைக் கல்லைப் பற்றி 2007-ல் வெளிவந்த ஆய்வு நல்ல உதாரணம். அமெரிக்காவில் பணியாற்றும் ஆஷிஷ் சின்ஹா அதன் முதல் ஆசிரியர். வயதுக் கணிப்பில் பேர்பெற்ற மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாய் செங், லாரி எட்வர்ட்ஸ் ஆகியோரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் எம்.ஜி. யாதவா, ஆர். ரமேஷ் ஆகியோரும் உடன் உழைத்தார்கள். 14-ம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பத்தாண்டுக் கணக்கில் பருவமழை மெலிந்திருந்ததை அந்தக் கல் காட்டியது. தக்காணத்தை வாட்டிய துர்காதேவிப் பஞ்சம் 1396-ல் தொடங்கியது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

யாதவாவும் ரமேஷும் இந்தத் துறையில் முன்னோடிகள். கர்நாடகத்தின் அகலகவி குகையில் எடுத்த கல்லிலிருந்து 331 ஆண்டு மழை வரலாற்றை 2004-லேயே எழுதியவர்கள். ரமேஷ் 2018-ல் காலமானார்.

அதே 2018-ல்தான் குகைக்கல் ஒன்றுக்கு உலகப் புகழ் கிடைத்தது. சிரபுஞ்சி அருகே உள்ள மவ்ம்லூ குகையின் கல்முளையை ஆதாரமாக வைத்து, கடந்த 4,200 ஆண்டுகளுக்கு ‘மேகாலயன் காலம்’ என்று புவியியலாளர்கள் பெயர் சூட்டினார்கள். அந்தக் காலத்தின் தொடக்கத்தில் பெரும் வறட்சி திடீரென வந்து நூற்றாண்டுகள் நீடித்ததாக அந்தக் கல்லைப் படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அதே ஆண்டில், அதே குகையின் வேறு இரு கற்களை இன்னும் நுணுக்கமாக அளந்த குழு வேறுவிதமாகச் சொன்னது: அது ஒரே நீண்ட வறட்சி அல்ல, பருவமழை மெலிந்திருந்த நூற்றாண்டுகளின் நடுவே சில பத்தாண்டுகள் நீடித்த தனித்தனி வறட்சிகள். சிந்துவெளி நகரங்கள் இந்த ஒரு வறட்சியால் அழிந்தன என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஒரு கல்லை நம்பி ஒரு யுகத்தின் கதையை எழுத முடியாது. குகைக்குக் குகை பாறையின் தடிமன் வேறு, நீர் இறங்கிவரும் வழியும் வேறு. போதாக்குறைக்கு ஆக்சிஜன்-18 மழையின் அளவை மட்டும் காட்டுவதுமில்லை. மவ்ம்லூ குகையை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி செபாஸ்டியன் பிரெய்டன்பாக்கின் குழு, மேகாலயாவில் பெய்யும் மழைநீரையே சேகரித்து அளந்து 2010-ல் ஒரு கட்டுரை எழுதியது. பருவகாலத்தின் பிற்பகுதியில் மழையின் ஐசோடோப்பு மாறுவதற்கு, வங்கக் கடலின் மேற்பரப்பில் பரவும் ஆற்று நன்னீரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கொட்டும் நீர் அது. கிடர்பூரைத் தொட்டு ஓடும் ஹூக்ளியும் தன் பங்கை அதில் சேர்க்கிறது. அந்தக் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மேகாலயாவின் காசி மலையில் மோதி, சிரபுஞ்சியில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையாகப் பொழிகிறது. சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400.

இந்தச் சிக்கலைப் பிரிக்கப் பல குகைகளின் தரவை ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாக வேண்டும். ‘சைசல்’ என்ற சர்வதேசக் குழு 2017-ல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதுவரை தரவுகள் அவரவர் கணினியிலும் கட்டுரைகளின் பின்னிணைப்பிலும் சிதறிக் கிடந்தன. வயதைக் கணக்கிட்ட முறையும் ஆளுக்கொன்று. அவற்றைத் தேடிப்பிடித்து, எழுதியவர்களிடமே கேட்டுச் சரிபார்த்து, ஒரே வடிவத்தில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி தந்தார்கள். 2018-ன் முதல் பதிப்பில் 174 குகைகள், 2020-ல் 294, 2024-ல் 365. மூன்றாம் பதிப்புக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நிகிதா கௌஷல். இந்தியக் குகைக்கற்களை மட்டும் அலசி 2018-ல் அவர் எழுதிய கட்டுரையில் சின்ஹா, பிரெய்டன்பாக், யாதவா, ரமேஷ் எல்லோரும் இணை ஆசிரியர்கள். ஆளுக்கொரு குகை, ஆளுக்கொரு கருத்து என்று இருந்தவர்கள் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டார்கள். புதிய கண்டுபிடிப்பு எதையும்விட இதுதான் பெரிய சாதனை என்பேன்.

தரவைப் பகிர்வதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப அறுக்க வேண்டியதில்லை. அறுத்த கல் மறுபடி வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

ஆந்திராவின் போரா குகைக்கோ மேகாலயாவுக்கோ சுற்றுலா போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஞாபகார்த்தமாக ஒடித்துக்கொண்டு வரத் தோன்றும் அந்தக் கல்முளை நுனியில்தான் கல்லின் கடைசி 100, 150 ஆண்டுகள் இருக்கின்றன. அலிப்பூர் போன்ற நிலையங்களின் மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பகுதி ஒன்றுதான் உதவும். நுனி போய்விட்டால், கீழே உள்ள ஆயிரம் ஆண்டுகளைச் சரியாகத்தான் படிக்கிறோமா என்று சோதிக்க வழியில்லை. தயவுசெய்து தொடாதீர்கள்.