மருத்துவமனையில் ‘நம்மவர்’ யார்?

மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் போன்ற படிப்புகளை மட்டும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்து, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புக்கு மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர். ஆந்திரம் 1986-இல் விஜயவாடாவில் தொடங்கிய இம்முறையைத் தமிழ்நாடு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்றுக்கொள்ள, மறு ஆண்டு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் சென்னைக் கிண்டியில் இயங்கத் தொடங்கியது. இது இணைவிப்புப் பல்கலைக்கழகம். அதாவது, கல்லூரிகள் மாநிலமெங்கும் பரவிக் கிடக்க, பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் ஓரிடத்திலிருந்து வருகின்றன. எனவே இதன் ஊழியர் சமூகத்தைக் காண விரும்புவோர் கிண்டி அலுவலகத்தில் தேடிப் பயனில்லை. ஏதேனும் ஒரு கல்லூரி மருத்துவமனையின் வார்டுக்குத்தான் போக வேண்டும். மருத்துவமனை வார்டில் யார் நம்மவர், யாருக்குப் பாராட்டு என்ற கேள்விக்குக் கடலூர் மாவட்டத்தில் இரண்டு ஊர்கள் இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கின்றன.

முதலாவது நெய்வேலி. 1956-இல் நிறுவப்பட்டு, 1957 மே 20 அன்று நேருவால் சுரங்கப் பணி தொடங்கிவைக்கப்பட்டு, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், தன் தொழிலாளருக்காக ஒரு நகரியத்தையே கட்டியது. தெருப்பெயரைவிட ‘வட்டம்’ என்னும் பகுதி எண்ணே முகவரியாக விளங்கும் இந்நகரியத்தில், வீடும் பள்ளியும் பொது மருத்துவமனையும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. இரவு ஷிஃப்டில் கையைச் சுட்டுக்கொண்டு வரும் வெல்டரும் அவருக்குக் கட்டுப்போடும் செவிலியரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிப்பவர்களாகவும் இருக்கலாம். மருத்துவப் பல்கலைக்கழகங்கள் விழா எடுத்து வளர்க்க முயலும் சமூக உணர்வு இங்கே குடியிருப்பு அமைப்பிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த உணர்வுக்கு ஓர் எல்லைக்கோடும் உண்டு. சுரங்கத்திலும் அனல்மின் நிலையங்களிலும் நிரந்தரத் தொழிலாளரோடு சேர்ந்து உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருப்பது, அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது, அங்கிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்றடையும் சிதம்பரம். 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் உறைவிடப் பல்கலைக்கழகம். 1985-இல் அங்கு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி எழுந்தது. காலப்போக்கில் தேவைக்கு மேல் ஆட்கள் சேர்ந்து, 2012-இன் இறுதியில் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்தபோது ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர். 2013-இல் அரசு தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மிகுதியான ஊழியர்களைப் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணி நிரவல் செய்தது. பணி நிரவல் என்பது ஓரிடத்தில் உபரியாக இருப்பவரை ஆள் தேவைப்படும் வேறோரிடத்தில் அமர்த்துவது. வேலை காப்பாற்றப்பட்டது, ஆனால் ஒரே வளாகத்தில் வளர்ந்த உறவு பல மாவட்டங்களுக்குச் சிதறியது. அரசுக் கல்லூரிக்குரிய கட்டணமே தங்களுக்கும் வேண்டும் என்று மருத்துவ மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பின், 2021-இல் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தது. இது ஊழியர் பாராட்டோடு தொடர்பற்ற கதையாகத் தோன்றலாம். மாதச் சம்பளம் நிச்சயமில்லாத இடத்தில் பாராட்டுக் கேடயம் எதைச் சொல்லும் என்று எண்ணிப் பார்த்தால் தொடர்பு விளங்கும்.

பாராட்டுக்கான நாட்களுக்குக் குறைவில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த மே 12 செவிலியருக்கு, மருத்துவர் பி.சி.ராயின் பிறந்த நாளும் நினைவு நாளுமாகிய ஜூலை 1 மருத்துவருக்கு. ஒவ்வொரு பிரிவும் தன் நாளில் தன் கேக்கை வெட்டிக்கொள்வதால், எந்த நாளும் வாய்க்காத வார்டு ஆயாவும் தூய்மைப் பணியாளரும் எல்லா விழாக்களிலும் நாற்காலி போடுபவர்களாகவே நின்றுவிடுகின்றனர். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30, தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுவது இவ்வகையில் வேறுபட்டது: நாள் ஒரு தொழிலுக்குரியதாக இல்லாமல் ஒரு கட்டடத்திலுள்ள அனைவருக்கும் உரியதாகிறது.

பொதுமக்களின் பாராட்டு எவ்வளவு நிலையற்றது என்பதை 2020 காட்டியது. மார்ச் 22 மாலை நாடு முழுவதும் மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டியது. ஒரு மாதம்கூட ஆகாத ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அன்றிரவு முன்னின்று உடலைப் புதைத்தவர் அவருடைய சக மருத்துவர்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையிடம் தரும் நிலை என்று வரையறுத்தது: ஆற்றல் வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்யும் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. மூன்றாவதற்குத்தான் பாராட்டு மருந்தாக முடியும். முதலாவதற்கு ஆள் வேண்டும். காலையில் இரவுப் பணிச் செவிலியர் ‘ஓவர் கொடுக்கும்’ வேளையில், படுக்கை படுக்கையாக நடந்து, எந்தப் பாட்டில் எத்தனை மணிக்கு மாற்றப்பட்டது, யாருக்குச் சிறுநீர் இறங்கவில்லை என்று சொல்லி முடிக்கையில், பொறுப்பேற்பவர் “நல்லா பாத்திருக்கீங்க சிஸ்டர்” என்று சொல்ல ஐந்து நொடி போதும். முப்பது படுக்கைக்கு ஒருவர் என்றால் அந்த ஐந்து நொடியும் கிடைப்பதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015-இல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் தனியாக இல்லாத ஒட்டுமொத்தத் தொகையில், நியமிக்கப்பட்டு, 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்ததையும் இந்த இடத்தில் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊழியர் பட்டியலைப் பார்க்காத கொண்டாட்டம் ஒன்று தமிழர் பணியிடங்களில் முன்பே இருக்கிறது. நெய்வேலிபோன்ற தொழில் நகரங்களில் ஆயுத பூசையன்று ராட்சத இயந்திரம் முதல் திருகுளி வரை கழுவித் துடைக்கப்படுகின்றன; மருத்துவமனைகளிலும் ஆம்புலன்ஸுக்கு மாலையும் ஸ்ட்ரெச்சருக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேட்காமல் பொரியும் கடலையும் சுண்டலும் கைமாறுகின்றன. தரை துடைக்கும் வாளிக்கும் ஒரு பொட்டு விழுகிறது. மறுநாள் காலை ஷிஃப்டில் அந்தப் பொட்டு பினாயில் தண்ணீரில் கரைந்துவிடும்.