கோபி மணற்பாறையில் புதைந்தவை: காற்றின் வேலையா, மழையின் வேலையா?

மங்கோலியாவின் தென்பகுதியில், கோபி பாலைவனத்துக்குள், பயன்சாக் என்னும் இடத்தில் செங்காவி நிற மணற்பாறைச் சரிவுகள் இருக்கின்றன. 1922இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் சென்ற அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழு இவற்றைக் கண்டது. மறு ஆண்டே இங்கிருந்து டைனோசர் முட்டைகளை எடுத்து உலகை வியக்கவைத்தது. ஜடோக்தா படிவம் எனப்படும் இந்தப் பாறையின் வயது ஏறத்தாழ ஏழரைக் கோடி ஆண்டு. இதைவிடப் பெரிய டைனோசர்களைத் தந்த பாறைகள் பல உண்டு. ஜடோக்தாவின் பெருமை எலும்புகள் கிடைக்கும் நிலையில் இருக்கிறது. 1971இல் போலந்து–மங்கோலியக் குழு எடுத்த, சண்டையிட்ட இரண்டு டைனோசர்களின் எலும்புக்கூடுகளில், வெலாசிராப்டரின் கால் நகம் புரோட்டோசெராடாப்ஸின் கழுத்தருகே இருக்கிறது. அதன் கையோ எதிரியின் வாய்க்குள் சிக்கியிருக்கிறது. 1993இல் கண்டறியப்பட்ட உக்கா தோல்கோத் என்ற இடத்தில், முட்டைகளின்மேல் கைகளை விரித்து அமர்ந்தபடியே சிடிபட்டி என்னும் டைனோசர் கிடைத்தது. எலியளவே உள்ள பாலூட்டிகளின் மண்டையோடுகளும் பல்லிகளும்கூட அங்கே சிதையாமல் கிடைக்கின்றன.

வெட்டவெளியில் செத்த விலங்கு இப்படி முழுசாக மிஞ்சாது. பிணந்தின்னிகள் இழுத்துப்போடும், வெயில் எலும்பை வெடிக்கவைக்கும். ஆகவே இவை உயிரோடோ, செத்த உடனேயோ புதைந்திருக்க வேண்டும். புதைத்தது எது? பாலைவனம் என்றதும் மணற்புயல் என்ற விடைதான் எவருக்கும் முதலில் தோன்றும். நெடுங்காலம் சொல்லப்பட்டதும் அதுதான். உக்கா தோல்கோத்தைப் பொறுத்தவரை அந்த விடை தவறு என்றே நினைக்கிறேன். சாட்சி எலும்பில் இல்லை, அதைச் சுற்றியுள்ள மணலில் இருக்கிறது. டேவிட் லூப் முதலான நிலவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள மணற்பாறையை வகை பிரித்துக் காட்டியது. ஒரு வகையில் மெல்லிய சாய்வான அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. காற்று மணலைக் குன்றின் மறுபக்கம் கொட்டும்போது உண்டாகும் அடுக்குகள் இவை. இன்னொரு வகையில் அடுக்கே இல்லை. எல்லாம் கலந்து ஒரே கட்டியாக இருக்கிறது. எலும்புக்கூடுகள் இந்த இரண்டாம் வகையில்தான் கிடைக்கின்றன. காற்று அடுக்கிய மணலில் அவை இல்லை. விலங்குகளே அங்கு வராததால் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் அந்த அடுக்குகளில் அவற்றின் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. நடந்தன, ஆனால் அங்கே புதையவில்லை. புயல்தான் புதைத்தது என்றால் இந்தப் பாகுபாடு ஏன் வரவேண்டும்?

லூப் குழுவின் விளக்கம் இது: மணற்குன்றுகள் நகராமல் நிலைத்து, செடிகொடி முளைத்திருந்த காலங்களில் காற்று கொண்டுவந்த தூசி குன்றுகளின்மேல் படிந்தது. மழைநீர் அந்தத் தூசியிலிருந்த களிமண்ணை மணலுக்குள் இறக்கியது. களிமண் சேரச்சேர நீர் கீழே வடிவது தடைப்பட்டது. பின்பு ஒரு பெருமழையில், நீர் ஊறிக் கனத்த மேல்மணல் பிடிப்பை இழந்து மொத்தமாகச் சரிந்தது; அடிவாரத்தில் இருந்தவை அதற்குள் போயின. சரிந்த மணலில் பழைய அடுக்குகள் குலைந்துவிடும் என்பதால் கட்டியான பாறைக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. லூப் பணியாற்றிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், புல் மூடிய மணற்குன்றுகள் கனமழைக்குப் பின் சரிவதை இன்றும் காணலாம்.

பாலைவனத்தில் பெருமழையா என்று கேட்கலாம். பாறையே பதில் சொல்கிறது. மண்ணுக்குள் இறங்கிய நீர் சுண்ணாம்பை விட்டுச்சென்று உண்டாக்கிய முடிச்சுகள் அதில் இருக்கின்றன. நம் கரிசல் நிலத்தில் உழும்போது தட்டுப்படும் சுக்கான்கல் இந்த வகைதான். இன்னும் எளிய சான்றும் உண்டு: தாவரம் தின்னும் புரோட்டோசெராடாப்ஸ் இத்தனை வாழ்ந்த நிலம் முற்றிலும் வறண்டதாக இருந்திருக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு வேறு இடங்களிலிருந்து வருகிறது. சீனாவின் உள்மங்கோலியாவில், இதே காலத்துப் பாறைகள் உள்ள பயன் மந்தஹூவில், புரோட்டோசெராடாப்ஸ்கள் தலையை உயர்த்தி மணலிலிருந்து வெளியேற முயன்றதுபோன்ற நிலையில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள் மணற்புயலையே காரணமாகச் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு பரந்த நிலப்பரப்பின் எல்லாச் சாவுகளுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சண்டையிட்ட இணை கிடைத்த துக்ரிகின் ஷிரேயும் தனி இடம். அங்குள்ள மணலைக் கொண்டுதான் அதைத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் உக்கா தோல்கோத்தின் சிடிபட்டி முட்டையை விட்டு எழாததைப் புயலுக்குச் சாட்சியாகக் காட்டுவது பொருந்தாது. புயல் மணலைச் சிறிது சிறிதாகத்தான் குவிக்கும். அந்த நேரத்தில் விலங்கு அசைந்து, உடம்பை உதறி, மணலுக்குமேல் எழப் பார்க்கும். ஈரமணல் சரியும்போது அந்த அவகாசம் இருக்காது. கைகள் முட்டைகளைச் சுற்றி விரித்தபடியே இருப்பது, எனக்கு, இந்த இரண்டாவதற்கே அதிகம் ஒத்துவருகிறது.