கைத்தொழிலுக்கும் உலக அரங்கு

தொழிற்பயிற்சியைப் படிப்பு வராத பிள்ளைகளுக்குரியதென நாம் எண்ணிவிடுகிறோம். 1946-இல் ஸ்பெயினில் தேர்ந்த தொழிலாளர் போதவில்லை. இளைஞரையும் பெற்றோரையும் தொழிற்கல்வியின்பால் ஈர்க்கவே அங்குப் போட்டிகள் எழுந்தன. 1950-இல் மாட்ரிட் நகரில் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளின் 24 இளைஞர்கள் போட்டியிட்டனர். அதுவே ‘வேர்ல்டு ஸ்கில்ஸ்’ என இன்று உலகப் போட்டியாய் வளர்ந்துள்ளது.

இங்குப் பல பிரிவுகளில் செய்யவேண்டிய வேலை முன்னரே அறிவிக்கப்படினும், பின்னர் அதில் ஒரு பகுதி மாற்றப்படுவதுண்டு. மனப்பாடம் செய்த கை அப்போது தடுமாறும். ஆகவே, பற்றவைத்த தகடு ஏன் வளைந்தது என்று மாணவனே கண்டறியுமாறு நாம் பழக்க வேண்டும். பதக்கம் சிலருக்கே, அப்பழக்கமோ அனைவருக்கும் வாழ்நாள் முதலீடு. பெற்றோரே, பட்டறையை விரும்பும் மகனையும் மகளையும் தடுக்காதீர்!